சிப்புக்குச் சட்டை தைத்தவர்கள்

சிப் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கறுப்பு நிறத்தில், இரண்டு பக்கமும் கால்களுடன், பூரான் மாதிரி இருக்கும் ஒரு பொருள்தான். உண்மையில் அது சிப் அல்ல, சிப்பின் சட்டை! உள்ளே இருக்கும் சிலிக்கன் துண்டு பல சமயம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தொட்டால் கெட்டுவிடும், ஈரம் பட்டால் கெட்டுவிடும். அதற்கு மின்சாரம் கொண்டுபோக வேண்டும், சமிக்ஞையை உள்ளே அனுப்பி வெளியே எடுக்க வேண்டும், உண்டாகும் சூட்டை வெளியேற்ற வேண்டும், தூசியிலிருந்தும் அதிர்ச்சியிலிருந்தும் காப்பாற்ற வேண்டும். இத்தனையும் செய்கிற கலைக்குப் பேக்கேஜிங் என்று பெயர்.

சிப்பைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றிப் புத்தகங்கள் உண்டு. ஜாக் கில்பிக்கு 2000-ல் நோபல் பரிசே கிடைத்தது. சட்டை தைத்தவர்களைப் பற்றி அதிகம் பேச்சில்லை. பல்கலைக்கழகங்களிலும் நீண்ட காலம் இதே நிலைதான். சூடு இயந்திரவியல்காரருடையது, பீங்கானும் ஈயப்பற்றும் உலோகவியல்காரருடையது, பிளாஸ்டிக் வேதியியல்காரருடையது, மின்சுற்று மின்னியல்காரருடையது. எல்லாத் துறைக்கும் கொஞ்சம் கொஞ்சம் சொந்தம், எந்தத் துறைக்கும் முழுச் சொந்தம் இல்லை. பட்டம் வாங்க வந்த மாணவன் இதைத் தலைப்பாக எடுத்தால் எந்தப் பேராசிரியரிடம் போவான்? அதனால் இந்த அறிவெல்லாம் கம்பெனிகளின் மதிலுக்குள்ளேயே இருந்தது. அது வெளியே வந்ததும், சென்சார் ஆராய்ச்சியோடு சேர்ந்து வளர்ந்ததும் அமெரிக்காவில் 1980-களில் ஆரம்பித்த ஒரு கூட்டு முயற்சியின் வரலாறு.

இதில் முதலில் சொல்ல வேண்டியவர் எரிக் பிளாக். 1925-ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். பெற்றோரை நாஜிகளிடம் பறிகொடுத்தவர். போர்க்காலத்தில் சுவிட்சர்லாந்தில் அகதியாக இருந்து, சூரிச்சில் படிப்பைத் தொடங்கி, 1948-ல் அமெரிக்கா போய், பஃபலோ பல்கலைக்கழகத்தில் 1952-ல் மின்னியல் பட்டம் வாங்கி ஐ.பி.எம். நிறுவனத்தில் சேர்ந்தார். 1964-ல் ஐ.பி.எம். வெளியிட்ட சிஸ்டம்/360 கணினி உலகையே மாற்றியது என்பார்கள். அந்தக் கணினியின் உயிர்நாடியான எஸ்.எல்.டி. என்ற தொழில்நுட்பத்தை உருவாக்கிய பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் பிளாக்தான். எஸ்.எல்.டி. என்பது என்ன? அரை அங்குலச் சதுரப் பீங்கான் தட்டு. அதன் மேல் அச்சிட்ட கம்பிகளும் மின்தடைகளும். மிகச்சிறிய டிரான்சிஸ்டர்களைக் குப்புறக் கவிழ்த்து நுண்ணிய உலோக உருண்டைகளால் அதில் பற்றவைத்தார்கள். ஒருங்கிணைந்த சுற்றுகளை இன்னும் நம்ப முடியாது என்று ஐ.பி.எம். நினைத்த காலம் அது. ஆகவே அந்தப் புகழ்பெற்ற கணினியின் வெற்றியில் பெரும்பங்கு பேக்கேஜிங்குக்கு உரியது. சிப்பைக் கவிழ்த்து ஒட்டும் அந்த முறை இன்றும் பெரிய பிராசசர்களில் உயிரோடு இருக்கிறது.

1970-களின் இறுதியில் அமெரிக்கக் கம்பெனிகளுக்கு ஜப்பான் பயம் பிடித்தது. 1976 முதல் 1980 வரை ஜப்பான் அரசும் அங்குள்ள கம்பெனிகளும் சேர்ந்து பெரிய ஆராய்ச்சித் திட்டம் ஒன்றை நடத்தின. அதன் பலனாக 64கே நினைவகச் சிப் சந்தையின் பெரும்பகுதி சில ஆண்டுகளிலேயே ஜப்பானியர் கைக்குப் போனது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிலோ சிப் ஆய்வுக்கூடங்களின் கருவிகள் பழசாகிக் கிடந்தன. கம்பெனிகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. இந்த நிலையில் 1982-ல் போட்டிக் கம்பெனிகளே பணம் போட்டு, செமிகண்டக்டர் ரிசர்ச் கார்ப்பரேஷன் (எஸ்.ஆர்.சி.) என்ற அமைப்பை வட கரோலினாவில் தொடங்கின. அதன் முதல் தலைவர் எரிக் பிளாக். இந்த அமைப்புக்குச் சொந்த ஆய்வுக்கூடம் கிடையாது. உறுப்பினர்கள் கொடுக்கும் பணத்தைப் பல்கலைக்கழகங்களுக்குக் கொடுத்து ஆய்வு செய்யச் சொல்லும், கிடைக்கும் முடிவை எல்லா உறுப்பினருக்கும் பகிரும். சந்தையில் வெட்டுக்குத்து, ஆய்வில் கூட்டுறவு!

1984-ல் அதே பிளாக் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு (என்.எஸ்.எஃப்.) இயக்குநர் ஆனார். டாக்டர் பட்டம் இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் அவர். பொறியியல் ஆய்வு மையங்கள் என்ற திட்டத்தின் யோசனை அவர் வருவதற்கு முன்பே பேச்சில் இருந்தது. 1985-ல் முதல் ஆறு மையங்கள் தொடங்கப்பட்டபோது அதற்குப் பின்னால் உறுதியாக நின்றவர் அவர். ஒரே துறைக்குள் அடங்காத பிரச்சினையைக் கையில் எடுக்க வேண்டும், கம்பெனிகள் கூட உட்கார வேண்டும், மாணவர்களைப் புதிய விதத்தில் பயிற்றுவிக்க வேண்டும் என்பது நிபந்தனை. எதிர்ப்பும் வந்தது. தனித்தனியே ஆராயும் விஞ்ஞானிகளின் பணத்தைப் பெரிய மையங்கள் விழுங்கிவிடும், அறிவியல் நிறுவனம் தொழிற்சாலைக்கு எடுபிடியாகிவிடும் என்றார்கள். அந்தப் பயம் முழுக்கத் தவறு என்று சொல்லிவிட முடியாது.

இனி சென்சார் கதை. அதன் வேர் 1954-ல் இருக்கிறது. பெல் ஆய்வுக்கூடத்தில் சார்லஸ் ஸ்மித் என்பவர் சிலிக்கனையும் ஜெர்மானியத்தையும் அழுத்தினால் அவற்றின் மின்தடை மிகுதியாக மாறுவதைக் கண்டுபிடித்தார். உலோகக் கம்பியிலும் இந்த மாற்றம் உண்டு, ஆனால் சிலிக்கனில் பல மடங்கு. அப்படியானால் மெல்லிய சிலிக்கன் தகடு ஒன்று போதும், அழுத்தத்தை மின்சாரமாகச் சொல்லிவிடும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஏஞ்சலின் மாணவர் கென்செல் வைஸ் 1970 வாக்கில் சிப் செய்யும் முறையிலேயே மூளை நரம்பின் மின்துடிப்பைப் பதிவு செய்யும் ஊசிகளைச் செய்தார். அதே இடத்தில் ஸ்டீவ் டெர்ரி ஒரு வாயுப் பகுப்பாய்வுக் கருவியையே ஒற்றைச் சிலிக்கன் வட்டில் செதுக்கிக் காட்டினார். மேசை அளவுக் கருவி உள்ளங்கைக்குள்!

1982-ல் ஐ.பி.எம்.மின் கர்ட் பீட்டர்சன் எழுதிய ஒரு நீண்ட கட்டுரை இந்தச் சிதறிய முயற்சிகளை ஒரு துறையாக்கியது. சிலிக்கனை மின்சாரப் பொருளாக மட்டும் பார்க்காதீர்கள், அது ஓர் அருமையான இயந்திரப் பொருள் என்பதே அதன் சாரம். வலிமையில் எஃகுக்குச் சளைத்ததல்ல. வளைத்து விட்டால் சரியாகப் பழைய இடத்துக்கே திரும்பும், எஃகைப் போல நிரந்தரமாக வளைந்துபோகாது. எல்லை மீறினால் உடையும், அவ்வளவுதான்.

பெர்க்லியில் இருந்த கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் முல்லரும் அவருடைய மாணவர் ரோஜர் ஹோவும் அடுத்த அடியை வைத்தார்கள். சிலிக்கன் வட்டைக் குடைவதற்குப் பதிலாக அதன் மேற்பரப்பில் மெல்லிய அடுக்குகளாகக் கட்டினால் என்ன? கான்கிரீட் கூரை போடுவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். கீழே பலகையும் முட்டும் கொடுத்து சென்டரிங் அடிப்பார்கள், மேலே கலவையைக் கொட்டுவார்கள், இறுகியதும் சென்டரிங்கைப் பிரித்துவிடுவார்கள், கூரை அந்தரத்தில் நிற்கும். இங்கே சென்டரிங் வேலையைச் செய்வது சிலிக்கன் ஆக்சைடு, கூரை பாலிசிலிக்கன். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் நனைத்தால் ஆக்சைடு கரைந்துவிடும், பாலிசிலிக்கன் விட்டம் தொங்கும். ஒரு சங்கடம் என்னவென்றால், கழுவிக் காயவைக்கும்போது தண்ணீரின் பரப்பு இழுவிசை விட்டத்தைக் கீழே இழுத்து ஒட்டவைத்துவிடும். ஈரத்துணி உடம்போடு ஒட்டிக்கொள்வது மாதிரி. காய்ந்த பிறகும் பிரியாது. இந்தச் சின்ன விஷயத்தைத் தீர்க்கவே எத்தனையோ ஆய்வேடுகள் எழுதப்பட்டன.

1986-ல் முல்லரும், அதே பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் வைட்டும் சேர்ந்து பெர்க்லி சென்சார் அண்ட் ஆக்சுவேட்டர் சென்டரைத் தொடங்கினார்கள். என்.எஸ்.எஃப். 1970-களிலிருந்து சோதித்துவந்த தொழில்–பல்கலைக்கழகக் கூட்டு மையம் என்ற வகை இது. அரசு விதைப்பணம் மட்டும் கொடுக்கும், கம்பெனிகள் ஆண்டுச் சந்தா கட்டும். உறுப்பினர்கள் வந்து உட்கார, மாணவர்கள் தங்கள் வேலையைக் காட்டுவார்கள். எந்த ஆய்வைத் தொடர்வது என்பதில் கம்பெனிகளுக்கும் வாக்கு உண்டு. கேட்க எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்காரருக்கு அடுத்த ஆண்டே பொருள் வேண்டும், மாணவருக்கு ஆய்வேடு முடிக்க ஐந்து ஆண்டு வேண்டும், பேராசிரியருக்குக் கட்டுரை வெளியிட வேண்டும், கம்பெனி வக்கீலுக்கோ கட்டுரை வெளிவருவதற்கு முன் காப்புரிமை வேண்டும். 1980-ல் வந்த பே–டோல் சட்டம், அரசுப் பணத்தில் பிறந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகமே உரிமை கொண்டாடலாம் என்று சொன்ன பிறகு இந்த இழுபறி இன்னும் கூடியது. அதே பெர்க்லியில்தான் டொனால்ட் பெடர்சன் 1970-களில் ஸ்பைஸ் என்ற மின்சுற்று மென்பொருளைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஒரே வளாகத்தில் இரண்டு தர்மங்கள்!

1988-ல் இந்தக் குழு உலகத்தின் கண்ணை இழுத்தது. லாங்ஷெங் ஃபான், யூசோங் டாய் என்ற இரண்டு மாணவர்களும் முல்லரும் தலைமுடித் தடிமனே உள்ள மின்மோட்டார் ஒன்றைச் சிலிக்கனில் செய்து சுற்றவைத்தார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அந்த மோட்டார் எந்த இயந்திரத்தையும் ஓட்டவில்லை. உராய்வும் தேய்மானமும் அதைச் சீக்கிரமே கொன்றுவிடும். மறு ஆண்டு வில்லியம் டாங், கிளார்க் நுயென், ஹோவ் ஆகியோர் செய்த சீப்பு வடிவ அமைப்பு அந்த அளவு பேசப்படவில்லை. இரண்டு சீப்புகளின் பற்களை ஒன்றுக்குள் ஒன்று தொடாமல் நுழைத்தது போன்ற வடிவம். உராய்வே இல்லை. பிற்காலத்தில் எண்ணற்ற சென்சார்களில் இடம்பிடித்தது இந்தச் சீப்புதான். விளம்பரம் ஒன்றுக்கு, பயன் இன்னொன்றுக்கு.

இதற்குள் ஒரு சட்டம் குறுக்கே வந்தது. 1991-ல் அமெரிக்க நாடாளுமன்றம் 1998 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் முன்பக்கக் காற்றுப்பை கட்டாயம் என்றது. அதுவரை மோதலை உணர்ந்தது குழாய்க்குள் காந்தத்தால் பிடித்துவைத்த ஒரு உருண்டை. மோதினால் உருண்டை காந்தத்தை விட்டு ஓடிப்போய் மின்தொடர்பை மூடும். இதுபோலப் பல உருண்டைகளைக் காரின் முன்பகுதியில் பல இடங்களில் வைக்க வேண்டியிருந்தது. அனலாக் டிவைசஸ் நிறுவனம் பெர்க்லியில் வளர்ந்த அடுக்குக் கட்டும் முறையைப் பயன்படுத்தி ஏ.டி.எக்ஸ்.எல்.50 என்ற முடுக்கமானியை 1991-ல் அறிவித்து 1993-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதில் அசையும் பகுதியின் எடை சுமார் 0.1 மைக்ரோகிராம். அது சிறிது நகர்ந்தால் சீப்புப் பற்களுக்கு இடையே மின்தேக்குத் திறன் மாறும். அந்த மாற்றத்தைப் படிக்கும் சுற்றும் அதே சிப்பில் இருந்தது. மின்விசையால் தன்னைத் தானே தள்ளிப் பார்த்து, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று காருக்குச் சொல்லவும் அதற்குத் தெரியும். உருண்டையால் இது முடியாது.

ஆனால் இந்தச் சிப்பைப் பிறந்த வட்டிலிருந்து வெட்டி எடுப்பதே பெரும்பாடு. சாதாரணச் சிப்பை வைரத்தூள் ரம்பத்தால் தண்ணீர் பீய்ச்சி அறுப்பார்கள். அந்தரத்தில் தொங்கும் சீப்பின் மேல் தண்ணீரும் சிலிக்கன் தூளும் பட்டால் கதை முடிந்தது. அதனால் ஒட்டுப்படலத்தால் மேல்பக்கத்தை மூடி, வட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்புறமிருந்து அறுத்தார்கள். பிறகு அதைக் காற்றுப் புகாத உலோகக் குப்பியில் அடைத்தார்கள். பல்கலைக்கழக ஆய்வேடுகள் சிப் அசைந்ததோடு முடிந்துவிடும். தொழிற்சாலையின் கஷ்டமோ அங்கேதான் ஆரம்பிக்கும். சென்சாரின் விலையில் பாதிக்கு மேல் பேக்கேஜிங்கும் சோதனையும்தான் என்று இந்தத் தொழிலில் உள்ளவர்கள் சொல்வது சும்மா இல்லை.

சாதாரணச் சிப்புக்கு மூடினால் போதும். சென்சாருக்கு மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். அழுத்தமானிக்கு வெளிக்காற்று பட வேண்டும், அந்தக் காற்றில் உள்ள ஈரமும் எண்ணெயும் படக்கூடாது. ஒட்டும் பசை சூட்டில் விரிந்து சிலிக்கனை லேசாக வளைத்தால் போதும், இல்லாத அழுத்தத்தை இருப்பதாகச் சொல்லும். சட்டை இறுக்கமாக இருந்தால் உள்ளே இருப்பவர் பொய் சொல்கிறார்!

இந்த முரணை அதிகம் அனுபவித்தவர் கென்செல் வைஸ். 1974-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போனவர் நரம்பு ஊசிகளை விடவில்லை. மனித உடம்பு என்பது மின்னணுவியலைப் பொறுத்தவரை வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர். அதற்குள் பல ஆண்டுகள் சிப்பைக் கெடாமல் வைத்திருக்க வேண்டும். அங்கே உருவான ஊசிகளை 1990-களில் அரசு உதவியோடு மற்ற நரம்பியல் ஆய்வுக்கூடங்களுக்கும் கொடுத்தார்கள். 2000-ல் மிச்சிகன் பல்கலைக்கழகமும், மிச்சிகன் ஸ்டேட், மிச்சிகன் டெக் ஆகிய இரண்டும் சேர்ந்து கம்பியில்லா நுண்சென்சார்களுக்கென ஒரு பொறியியல் ஆய்வு மையத்தைப் பெற்றன. வைஸ்தான் இயக்குநர். காதுக்குள் வைக்கும் கருவியும், காற்றின் தரத்தைப் பார்க்கும் குட்டி வாயுப் பகுப்பாய்வியும் அதன் இலக்குகள். ஸ்டான்ஃபோர்டில் டெர்ரி செதுக்கிய அதே கனவு.

பேக்கேஜிங்குக்கென்றே ஒரு மையம் வந்தது ஜார்ஜியா டெக்கில். அதன் நாயகர் ராவ் தும்மலா. ஆந்திராவில் பிறந்து, பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் உலோகவியல் படித்து, இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்று, ஐ.பி.எம்.மில் 25 ஆண்டு இருந்தவர். ஐ.பி.எம். 1980-ல் 3081 கணினிக்காகச் செய்த பீங்கான் பலகையில் 33 அடுக்கு, அதன் மேல் நூற்றுக்கும் மேற்பட்ட சிப்கள். அந்தப் பீங்கானைச் சுட 1500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். செம்போ 1085 டிகிரியிலேயே உருகிவிடும். ஆகவே மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் செம்பை விட்டுவிட்டு மாலிப்டினத்தால் கம்பி போட்டார்கள். தும்மலாவின் குழு 1000 டிகிரிக்குக் கீழேயே இறுகும் கண்ணாடிப் பீங்கான் ஒன்றை உருவாக்கியது. செம்பு உள்ளே வந்தது, அடுக்குகள் அறுபதைத் தாண்டின. 1990-ல் வந்த பெரிய ஐ.பி.எம். கணினிகளில் இதுதான் இருந்தது.

1989-ல் யூஜின் ரைமஷெவ்ஸ்கியோடு சேர்ந்து தும்மலா பேக்கேஜிங் கையேடு ஒன்றைத் தொகுத்தார். மதிலுக்குள் இருந்த அறிவு வெளியே வந்ததில் அந்தத் தடித்த புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1993-ல் ஐ.பி.எம்.மை விட்டு ஜார்ஜியா டெக் போனார். அடுத்த ஓரிரு ஆண்டுகளில் என்.எஸ்.எஃப். உதவியுடன் பேக்கேஜிங் ரிசர்ச் சென்டர் எழுந்தது. எரிக் பிளாக் அதற்குள் பதவியை விட்டுப் போய்விட்டார். அவர் காலத்தில் வேரூன்றிய திட்டம், அவர் இளமையில் செய்த வேலைக்கே ஒரு வீடு கட்டிக் கொடுத்தது!

அங்கே இயந்திரவியல், வேதியியல், மின்னியல், உலோகவியல் மாணவர்கள் ஒரே தளத்தில் வேலை பார்த்தார்கள். பல நாட்டுக் கம்பெனிகள் பொறியாளர்களை அனுப்பின. 2001-ல் தும்மலா இளநிலை மாணவர்களுக்கான பாடப்புத்தகமும் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் ஒரே சிப்பில் திணிப்பதைவிட, வெவ்வேறு சிப்களையும் சென்சாரையும் ஆன்டெனாவையும் ஒரே பேக்கேஜில் குடியமர்த்துவது மேல் என்பது அவர் வாதம். 1990-களில் பலர் இதைக் கேட்டுச் சிரித்திருப்பார்கள். சிப் தானே சுருங்கிக்கொண்டு போகும்போது சட்டையைப் பற்றி ஏன் கவலை என்ற காலம் அது.

தமிழ்நாட்டுக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. 1985-ல் திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் (இப்போதைய என்.ஐ.டி.) பட்டம் பெற்ற மாதவன் சுவாமிநாதன், அமெரிக்காவில் சிராக்யூசில் மேற்படிப்பு முடித்து ஐ.பி.எம்.மில் வேலை பார்த்துவிட்டு 1994-ல் ஜார்ஜியா டெக் வந்தார். அவர் எடுத்துக்கொண்டது மின்வழங்கல் பிரச்சினை. வீட்டில் எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வரும். அதேபோல, கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் ஒரே நொடித்துளியில் மாறினால் மின்னழுத்தம் சரியும், கணக்கு தப்பும். தவறு சிப்பில் இல்லை, அதற்கு மின்சாரம் கொண்டுவரும் பேக்கேஜில். இதைக் கணக்கிடும் முறைகளைப் பற்றி 2007-ல் புத்தகம் எழுதினார். பின்னாளில் அந்த மையத்துக்கே இயக்குநரும் ஆனார்.

இந்த மையங்களால் கம்பெனிகளுக்குக் கிடைத்த பெரிய லாபம் காப்புரிமைகள் என்று நினைத்தால் அது கணக்கைத் தப்பாகப் போடுவது. ஆண்டுக்கு ஆண்டு வெளியே வந்த மாணவர்கள்தான் லாபம். சந்தா கட்டியவர்களுக்கு அவர்களை முன்கூட்டியே பார்க்க முடிந்தது. சந்தா கட்ட முடியாதவர்கள் நிலை? அதற்கும் ஒரு வழி பிறந்தது. 1981-ல் தென் கலிஃபோர்னியாவில் தொடங்கிய மோசிஸ், பல கல்லூரி மாணவர்களின் சிப் வரைபடங்களை ஒரே வட்டில் அடுக்கிச் செய்துகொடுத்தது. பஸ்ஸில் சீட்டு வாங்குவது மாதிரி, முழு வண்டியையும் அமர்த்த வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில் வட கரோலினாவின் எம்.சி.என்.சி. இதே ஏற்பாட்டை அசையும் சிலிக்கனுக்கும் கொண்டுவந்தது. அதன் செய்முறை பெர்க்லி வழியில் அமைந்தது. சொந்த ஆய்வுக்கூடம் இல்லாத கல்லூரி மாணவரும் ஒரு சதுர சென்டிமீட்டர் இடத்துக்குக் காசு கட்டி நுண்ணியந்திரம் செய்ய முடிந்தது.

2022-ல் அமெரிக்கா நிறைவேற்றிய சிப்ஸ் சட்டத்தில் பேக்கேஜிங்குக்கென்றே தனித் திட்டம் இடம்பெற்றது. 2023-ல் அதற்குச் சுமார் 300 கோடி டாலர் என்று அறிவித்தார்கள். அதே ஆண்டில் செயற்கை நுண்ணறிவுச் சிப்களுக்குப் பெரும் தட்டுப்பாடு வந்தபோது, குறைவது சிப் அல்ல, அவற்றை நினைவகத்தோடு சேர்த்து அடுக்கும் பேக்கேஜிங் வசதிதான் என்று தைவானின் டி.எஸ்.எம்.சி. தலைவரே சொன்னார். 2023 ஜனவரியில் எஸ்.ஆர்.சி. அமைப்பு, பாதுகாப்புத் துறையின் டார்ப்பாவோடு சேர்ந்து, வெவ்வேறு சிப்களை ஒன்றாகக் குடியமர்த்தும் ஆய்வுக்குப் பல பல்கலைக்கழகங்கள் அடங்கிய மையம் ஒன்றைத் தொடங்கியது. பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகம் நடத்தும் அந்த மையத்தின் தலைமை திருச்சியில் படித்த மாதவன் சுவாமிநாதனுக்குப் போனது. எஸ்.ஆர்.சி.யின் முதல் தலைவர் எரிக் பிளாக் 2016-லேயே காலமாகிவிட்டார்.